இடைவேளைக்குப் பிறகு பன்றி பேசியது

தடைக்காலத்தின் இருபத்துமூன்றாம் நாள்.
நானும் இன்னாசியும் பேசாத பதினோராம் நாள்.
ஜெனிஷாவுக்குப் பன்றிப் படம் பார்த்தாக வேண்டும்.

பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு
மூவர் சீட்டில் மூவர், நடுவில் பிள்ளை.
"அப்பாட்ட சில்லறை கேளு."
"அம்மாட்ட இருக்கும், கேளு."
பாலத்தில் ஏறியதும் காற்று உள்ளே புகுந்து
எல்லார் பேச்சையும் பறித்துக்கொண்டு போனது.
எங்களிடம் பறிக்க ஒன்றுமில்லை.

மூன்றரைப் பவுன் சங்கிலி.
எஞ்சினுக்காக அடகு வைத்தவர்
வைத்தபோதும் சொல்லவில்லை,
நான் கேட்டபோதும் சொல்லவில்லை.
ரசீதுதான் சொன்னது,
சட்டைப்பையிலிருந்து, சோப்பு நுரையோடு.

தியேட்டரில் ஏசி பாதிதான் வேலை செய்தது.
திரையில் பனி, எங்கும் பனி.
ஐஸ் கம்பெனிக்குள் ஒரு நாடு இருந்தால்
அப்படித்தான் இருக்கும்.
அதில் ஐந்து பன்றிகள் வீடு மாறிப் போகின்றன.
குட்டி, மதுரைத் தமிழ்.
ஓநாய், வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர் மாதிரி
"உட்காருங்க, விவரமா பேசலாம்" என்கிறது.
குட்டி சேற்றில் விழுந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.
ஓநாய் "பத்திரம் இருக்கா?" என்றபோது
பின்வரிசைப் பெரியவர்கள்.
ஒரே படத்தை வாழைத்தார்போலத் தொங்கவிட்டிருந்தார்கள்,
அவரவர் எட்டின சீப்பைப் பறித்துக்கொள்ள.

வாயும் சொல்லும் பொருந்தவில்லை.
தாய்ப்பன்றி வாயை மூடிய பிறகும்
தமிழ் வந்துகொண்டே இருந்தது.
எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.
பதினோரு நாளாக என் வாயும் மூடித்தான் இருக்கிறது,
உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

இடைவேளைக்குப் பிறகு, பாறைக்கடியில்,
அப்பன் பன்றி குடும்பத்தைப் பார்த்துச் சொன்னது:
"வழி எனக்குத் தெரியாது.
பயமா இருந்துச்சு. அதான் சொல்லல."

இதையே ஒரு நடிகர் கிளிசரின் கண்ணோடு சொல்லியிருந்தால்
எழுந்து பாத்ரூம் போயிருப்பேன்.
சொன்னது பன்றி.
மூக்கின் இரண்டு ஓட்டையும் நடுங்க நடுங்கச் சொன்னது.
பன்றியிடம் போய் எப்படி வீம்பு காட்டுவது?

பக்கத்தில் பாப்கார்ன் மெல்லும் சத்தம் நின்றது.
நான் திரும்பவில்லை.
அடியில் வலை கனப்பது
கயிறு பிடித்த கைக்குத் தெரிவதுபோலத் தெரிந்தது.
ஜெனிஷா மட்டும் கேட்டாள்,
"அழுதா வழி தெரிஞ்சிருமாம்மா?"

பேருந்து நிலையத்தில் ஒரு கழுதை
போஸ்டர் தின்றுகொண்டிருந்தது.
"அங்கிள், பாம்பன் பஸ் எங்க நிக்கும்?" என்றாள் பிள்ளை.
கழுதை மெல்லுவதை நிறுத்தி யோசித்தது.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.
உடனே, எதையோ தொலைத்தவர்கள் மாதிரி
ஆளுக்கொரு பக்கம் தேடினோம்.

ராத்திரி ஒன்பதரை.
நாட்டுப்படகுக்காரர் கொடுத்த சூடையை
அடுப்படி வாசலில் ஆய்ந்துகொண்டிருந்தார்.
எதிரே யார் வீட்டுப் பூனையோ, வாலைச் சுருட்டியபடி.
அதனிடம் சொன்னார், அந்தப் பன்றிக் குரலில்:
"தம்பி, மாசி மாசம் எஞ்சின் நடுக்கடல்ல நின்னுபோச்சு.
ரெண்டு மணி நேரம். இலங்கைப் பக்கமா இழுக்குது.
வீட்டுல சொன்னா அடுத்த நாள் கடலுக்கு விடமாட்டாக.
அதான்."

அந்த இரண்டு மணி நேரம்
நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?
துணி காயப்போட்டிருப்பேன்.
கேஸ்காரனிடம் சண்டை போட்டிருப்பேன்.

கரண்டியும் கையுமாக வந்து
நானும் பூனையிடம்தான் சொன்னேன்,
ஓநாய்க் குரலில், விவரமாக:
"அவருகிட்ட சொல்லு, தம்பி.
சங்கிலி கிறிஸ்மஸுக்குள்ள கழுத்துக்கு வரணும்.
எஞ்சின் நின்னா அன்னைக்கே எனக்குத் தெரியணும்.
பத்திரத்துல எழுதிக்க."

பாயிலிருந்து தலை தூக்கினாள் ஜெனிஷா.
"பூனைக்கு இந்த ரெண்டு குரலும் சரியில்ல."

பூனை எங்களை மாறி மாறிப் பார்த்தது.
பிறகு ஒரு சூடைத் தலையைக் கவ்விக்கொண்டு
மதிலேறிப் போய்விட்டது,
சொன்ன எதையும் யாரிடமும் சேர்க்காமல்.