ஹார்ல்பி டவுன், பதினேழாம் இடம்

தாம்வேயில் இந்த வாரம்
கரண்ட் இரவு ஒன்றுக்கு வந்து ஐந்துக்குப் போகிறது.
எழுந்து மோட்டாரைப் போட்டு
அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தால்
தொட்டி நிறைய நாற்பது நிமிடம்.
அந்த நாற்பது நிமிடமும்
நான் ஹார்ல்பி டவுனின் பயிற்சியாளர்.

பந்தைக் காலால் தொட்டதில்லை.
பகலில் பருப்பு மண்டியில் கணக்கு,
மூட்டைக்கு எத்தனை வீசை என்று.
போகாத ஊருக்கு வழி கேட்பார்கள்,
நான் இல்லாத ஊருக்கு வட்டி கட்டுகிறேன்:
ஹார்ல்பிக்கு இரண்டு லட்சம் பவுன் கடன்.

விட்டுப்போனவன் என் தம்பி ஏழுமலை,
பள்ளிப் பதிவில் ஸோ லின்.
மடிக்கணினியை என் கட்டிலில் வைத்து
"மூணாவது சீசன், பாதியில இருக்கு, பார்த்துக்க" என்றான்.
பஸ் கிளம்பிய பிறகும்
அம்மாவைச் சொல்கிறான் என்றே நினைத்திருந்தேன்.

ஒரே ஒரு விதி வைத்தான்.
தோத்தா தோத்ததுதான்.
சேமிக்காமல் மூடிவிட்டு மறுபடி ஆடக்கூடாது,
அது அழிச்சு ஆட்டம், அழிச்சாட்டியம்.
சரி. மின்வாரியத்துக்கு யார் சொல்வது?
போன புதன், எண்பத்தெட்டாம் நிமிடம், மூன்றுக்கு ஒன்று,
முதலிடத்து அணியை அதன் மண்ணிலேயே.
பட்டென்று இருட்டு.
பேட்டரி உப்பிச் செத்து வருஷமாகிறது.
மறுநாள் அதே பதினொருவர், அதே வியூகம்,
திரையில் அதே மழைகூட.
நாலு பூஜ்யம்.
தோல்வி மட்டும் ஒருநாளும் அழிந்ததில்லை.

துணைக்கு ஐவர் என்று ஒருவர்.
எதைக் கேட்டாலும் "பையன்கள் களைத்திருக்கிறார்கள்".
ஜெயித்தாலும்.
லீவு முடிந்து நேற்றுத்தான் வந்திருந்தாலும்.

அப்புறம் ஓக்ஸ். பதினேழு வயது, இடது ஓரம்.
எந்தத் தாயும் பெறவில்லை,
ஒரு ஜூலையில் கணினியே
பெயரும் உயரமும் இடது காலும் சேர்த்து அனுப்பியது.
ஐந்து ஆட்டத்தில் இறக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்,
தொட்டி நிறைகிற அவசரத்தில்.
மறந்தே போனேன்.
இப்போது சிவப்பு எழுத்தில் நிற்கிறான்:
சொன்ன சொல் காக்கப்படவில்லை, விலக விரும்புகிறேன்.
மூன்று தீபாவளியாக முதலாளி சொல்லிக்கொண்டிருக்கும்
சம்பள உயர்வுக்கு
நான் பென்சிலில்கூட எதுவும் எழுதியதில்லை.
கோபம் வந்தது. பிறகு, என்னமோ, பொறாமை.

ஞாயிறுதோறும் கிள்ளானிலிருந்து கூப்பிடுகிறான் தம்பி.
கையுறைக் கம்பெனி, பன்னிரண்டு மணி நேர ஷிப்டு.
"எத்தனாவது இடம்?"
"பதினேழு."
"ஓக்ஸ்?"
"மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்."
சிரிக்கிறான். சிரிக்கட்டும்.
வார்டு ஆபீஸிலிருந்து இரண்டு தரம்
பட்டியலோடு வந்து, ஸோ லின் எங்கே என்றார்கள்.
அதை நான் சொல்லவில்லை.
பதினொரு பேர் பட்டியல்தான் எனக்குத் தெரியும் என்று
அவர்களிடமும் சொல்ல முடியவில்லை.

நேற்று ஓக்ஸை இறக்கினேன், எழுபதாம் நிமிடம்.
ஐவர் வேண்டாம் என்றார். களைத்திருக்கிறானாம்,
இன்னும் ஓரடி ஓடாதவன்.
எண்ணூறு பேர் பார்க்க வந்திருப்பதாகத் திரை சொன்னது.
சத்தமில்லை, ஸ்பீக்கர் எப்போதோ போய்விட்டது.
பச்சைக் கட்டத்தில் வட்டங்கள், அவ்வளவுதான்.
இருபத்தேழு என்று எண் போட்ட வட்டம்
இடது ஓரமாகவே உருண்டு
ஒரு வட்டத்தைத் தாண்டி, இன்னொன்றை,
பெட்டிக்குள் நுழைய
நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அப்போது கீழ்வீட்டு டோ நீலார் கத்துகிறார்:
யே! யே! யே!

பர்மிய மொழியில் யே என்றால் தண்ணீர்.
தொட்டி வழிந்து
அவர் காயப்போட்ட துணிகள்மேல் கொட்டுகிறது.
தெரியும். தெரிந்தும்
அரை நிமிடம்போல
மோட்டாரை அணைக்காமல்
கேட்டுக்கொண்டு நின்றேன்.