ஆள்காட்டி

மண்வெட்டியை ஓங்கியபோதுதான் கத்தியது.
என் பெருவிரலுக்கு இரண்டு சாண் தள்ளி
நாலு சரளைக்கல்
சரளைக்கல் இல்லை.

அல் ஐனில், ஜீமி பக்கம்,
பதினேழாம் நம்பர் வில்லாவின் பின்புறம்.
வியாழனுக்குள் கல்லையெல்லாம் வாரிவிட்டு
பிளாஸ்டிக் புல் விரிக்கவேண்டும்.
வெட்டத் தேவையில்லை, தண்ணீர் கேட்காது,
பூச்சி பொட்டு அண்டாது என்று
விற்றவன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

களிமண் நிறம், மேலே கரித்தெறிப்பு.
கூர்முனை நான்கும் நடுவில் சேர்ந்து
ஒரே தாம்பாளத்தில் கைவைத்த
நாலு பேர் மாதிரி.
கூடு என்று சொல்ல ஒரு துரும்பும் கிடையாது.
ஒரு பள்ளம்,
அதுவும் பாதிப் பள்ளம்.

மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புத் தோல்.
எங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று
மொபீசுல் கேட்டான்.
ஆளைக் கண்டால் காட்டிக்கொடுக்கிற பறவை என்று
என் ஓட்டை இந்தியில் சொல்லி
நான் மட்டும் சிரித்தேன்.
அவன் பத்தாக்கா முடிந்து பதினோரு மாதம்.
கல்லிவல்லி ஆள்.
வாளியைத் தூக்கிக்கொண்டு
தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

போர்மேன் ஜர்வாலி கான் வந்து குனிந்தார்.
யவ், த்வா, த்ரே, சலோர்.
விரல்விட்டு எண்ணிவிட்டு
போனில் முதீரிடம் சொன்னார்,
புல் ரோல் இன்னும் துறைமுகத்தில் கிடக்கிறதாம்.
ரோல் மூன்றும் எங்கள் பின்னால்
சுவரில் சாய்ந்திருந்தன.
அடுத்த வாரம் பசை சரியில்லை.
அதற்கடுத்த வாரம் பச்சை சரியில்லை.

நாற்பத்தேழு டிகிரி.
அந்த நேரத்தில் அது உட்காரவில்லை, நின்றது,
தன் நிழலை முட்டைகளின் மேல் போட்டுக்கொண்டு.
பிறகு ஓடிப்போய்
சொட்டுநீர்க் குழாயடியில் வயிற்றை நனைத்து,
சொட்டச் சொட்டத் திரும்பி வந்து
மேலே அமர்ந்தது.
நான் அந்த மூடியை
அரைத் திருகு தளர்த்திவிட்டேன்.
அவ்வளவுதான் செய்தேன்.

வெள்ளை வண்டி வந்த அன்று
கதவு திறப்பதற்கு முன்பே கத்தியது.
எங்களுக்குப் புரிவதற்குள்
மொபீசுலுக்குப் புரிந்திருந்தது.
சுவர்மேல் ஒரு செருப்பு,
அப்பால் ஈத்தமரங்கள்.

இங்கே எத்தனை பேர் வேலை?
ஜர்வாலி என்னைப் பார்த்தார்.
இரண்டு, என்றேன்.
அதிகாரியின் தொப்பியை உரசிக்கொண்டு
ஒருமுறை பாய்ந்தது, மறுமுறை பாய்ந்தது.
அவர் தலையில் கைவைத்துக்கொண்டு
குந்தி உட்கார்ந்து
பிள்ளைகளுக்குக் காட்ட என்று படம் எடுத்தார்.
எத்தனை முட்டை?
நாலு, என்றேன்.
அதில் பொய் இல்லை.

சுவரோரம் கிடந்த ஒற்றைச் செருப்பை
எடுத்து உரச்சாக்குக்குப் பின்னால் வைத்தேன்.
அவன் சாப்பாட்டு டப்பாவை
மூன்றாம் நாள் கழுவினேன்.
அவன் போன் மணி அடிக்கவே இல்லை.

பிறகொரு வெள்ளிக்கிழமை
கல்லுக்கு நடுவே கல் நடந்தது.
தீக்குச்சிக் கால்களில் மூன்று.
சாயங்காலம் பார்த்தால் யாருமில்லை,
பொரிக்காத ஒன்று மட்டும்
தாயின் ஈரம் காய்ந்து கிடந்தது.

அன்றிரவு தெரியாத நம்பர், ஓமான் நம்பர்.
வணக்கம் இல்லை, நலமா இல்லை.
"குஞ்சு வந்துச்சா?"
மூணு, என்று அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு.
அதற்குமேல் அவனும் கேட்கவில்லை.

சனிக்கிழமை புல்லை விரித்தோம்.
முதீர் காலணியோடு குறுக்கே நடந்து பார்த்தார்.
ஓரிடத்தில் கால் கொஞ்சம் இறங்குகிறதே,
நிரப்பிச் சமன் செய், என்றார்.
செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.