பெயர் சொல்லாத படிவம்

எழுபத்தைந்து டொலர், பருவம் முடிந்த பிறகு,
அதுவும் புத்தகக் கடை அட்டையாகத்தான்.
அதற்காகவே கையெழுத்துப் போட்டேன்.
பெரிய மனசு என்று ஒன்றுமில்லை.

மாணவர் உதவி அலுவலகத்தில் மார்லீன்
படிவத்தின் கீழ்வரியைப் பேனையால் தட்டினாள்:
யாருக்காகக் குறிப்பெடுக்கிறாய் என்று சொல்லமாட்டோம்.
கேட்காதே. தேடாதே.
வகுப்பு முடிந்த அன்றே ஏற்றிவிடு, போதும்.

சாஸ்கடூனில் ஜனவரி.
ஆற்றின் மேல் புகை, பாலத்தின் மேல் புகை,
பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வாயெல்லாம் புகை.
நீரியல், இரண்டாம் ஆண்டு, அறை நூற்றுப் பதினாறு.
நாற்பத்தொரு பேர்.

முதல் வாரம் எனக்கு எழுதுவதைப் போலவே எழுதினேன்.
அரைச் சொல், அம்புக்குறி,
'முன்பு பார்த்தது' என்றொரு கிறுக்கல்.
பிறகுதான் உறைத்தது:
முன்பு பார்த்தது அந்த ஆளுக்குப் போய்ச் சேரவே இல்லையென்றால்?
காதா, கண்ணா, கையா,
ஓரிடத்தில் நிற்க மறுக்கும் மனமா,
எனக்கென்ன தெரியும்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன்.
மணலில் நீர் எவ்வளவு விரைவாய் இறங்கும்,
களிமண்ணில் எவ்வளவு பிடிவாதமாய் நிற்கும்.
ஹால்வர்சன் சொன்ன பகிடி,
அதற்கு மூன்று பேர்தான் சிரித்தார்கள் என்பது.
யன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி வந்து
இரண்டு நிமிடம் ஒருவருக்குமே ஒன்றும் கேட்கவில்லை என்பதும்.

தேடாதே என்றால் கண் தேடத்தான் செய்யும்.
தொப்பி கழற்றாத அந்தப் பெடியனா,
உதடுகளையே பார்த்திருக்கும் முன்வரிசைப் பெண்ணா,
ஒரு சொல்லும் எழுதாமல் விரல் சொடுக்கும் அந்த மனிதரா.
ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரை நிச்சயம் என்று நினைத்தேன்.
கள்ளனுக்கு வரும் வெட்கம் வந்தது.

பெப்ரவரியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி.
இரவோடு இரவாக ரெஜினாவுக்கு ஓடினேன்.
ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தபடி
ஒரே ஒரு வரி ஏற்றினேன்:
மன்னிக்கவும், அப்பாவுக்குச் சுகமில்லை, இந்த வாரம் குறிப்பு இல்லை.

திரும்பி வந்தபோது மார்லீனின் மேசையில்
மடித்த தாள் ஒன்று. பெயர் இல்லை.
"உனக்காம்" என்றாள், அவ்வளவுதான்.

    நிலத்தடி நீர்மட்டம் கோடையில் ———
    ஏனென்றால் வேர்கள் ———
    ——— ——— பரீட்சையில் வரும் ———
    இங்கே எல்லோரும் சிரித்தார்கள்.

அடியில் சின்ன எழுத்தில்:
கேட்டதை மட்டும் எழுதினேன். அப்பா எப்படி?

கோடுகளை எண்ணினேன். முப்பத்திரண்டு.
பஸ்ஸில் எண்ணினேன், படுக்கையிலும் எண்ணினேன்.
இரண்டாம் நாள்தான் பிடிபட்டது,
சமன்பாடு வரும் இடமெல்லாம்
அதற்கு முன்னும் பின்னும் கோடு.
சமன்பாட்டை ஹால்வர்சன் பலகையில் எழுதுவார்.
எழுதும்போது பலகையோடுதான் கதைப்பார்.

ஆறு வாரமாய் அந்த முதுகைப் பார்த்திருக்கிறேன்.
பகிடியை எழுதினேன், பனி வண்டியை எழுதினேன்,
முதுகை எழுதவில்லை.

புதன்கிழமை, வகுப்புத் தொடங்குமுன் கை தூக்கினேன்.
"எங்களைப் பார்த்துக் கதைக்க முடியுமா?"
அவர் முகம் சிவந்தது. "முடியும், முடியும்."
பன்னிரண்டு நிமிடம் முடிந்தது.
பிறகு வெண்கட்டி அவரைத் திருப்பிக்கொண்டது.

மறுபடி கை தூக்கினேன்.
முதுகுக்குக் கை தெரியுமா?
அப்போது எனக்குப் பின்னால் எங்கேயோ
யாரோ மேசையை இரண்டு தரம் தட்டினார்கள்,
கதவைத் தட்டுவதைப் போல, அவசரமில்லாமல்.

பத்து நாற்பத்திரண்டு.
பேராசிரியர் எங்கள் பக்கம் திரும்பினார் என்று
குறிப்பில் எழுதினேன்.
நான் திரும்பவில்லை.