ஆடியில் வந்த சாமான்கள்

ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை.
அதனால் வண்டி வாடகை குறைச்சல்,
புது வீட்டுக்காரரும் அட்வான்சில் ஐயாயிரம் இறங்கினார்.
வேலப்பாடி வீட்டை விற்றுவிட்டார்கள்.
ஆவணி வரை பொறுங்கள் என்று கேட்டதற்கு
வாங்கியவர் டேப்போடு வந்து
நாங்கள் படுத்திருந்த அறையை அளந்தார்.

சுக்கூர் பாயின் சின்ன யானை
எட்டு மணிக்கே வாசலில்.
தேசிங்கு மட்டும் சாமானைத் தொடவில்லை.
மாடிப்படித் திருப்பத்தில் நின்று
கைகளை அகட்டி, பக்கவாட்டில் சாய்ந்து,
இல்லாத பீரோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு
தெரு வரை இறங்கிப் பார்த்தான்.
"மூலைல இடிக்கும்க்கா. கதவக் கழட்டிடலாம்."

நான்கு வருடமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கட்டில்
கால் மணியில் வெறும் பலகை.
போல்ட்டுகளை என்னை எண்ணச் சொன்னான்.
எட்டு.
மருந்துக்கடைக் கவரில் போட்டு
கட்டில் காலிலேயே கட்டினான்.
"அதது அதோடயே போணும்.
தனியா வெச்சா தனியாவே பூடும்."

மேசைக் கால்களுக்கு அவருடைய பழைய பனியன்கள்.
டிராயர் வாயைக் கட்ட
ஒரு வாயில் புடவையின் பாதி.
மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் அவர்:
"பீரோ பத்திரம், பீரோ பத்திரம்."
போனைத் திருப்பி பீரோவிடமே காட்டினேன்.

கழற்றிய கதவில் ஆளுயரக் கண்ணாடி.
மெத்தை மேல் படுக்க வைத்தால்
அடிபடாமல் வருமே என்றேன்.
தேசிங்கு சிரித்தான்.
"படுத்தா ஒரு குலுக்குக்குத் தாங்காது.
நின்னுனு வந்தா எவ்ளோ தூரம் வேணா வரும்."
முதுகுக்கு மெத்தை, முகத்துக்குப் போர்வை,
இடுப்பில் கயிறு.
பின்பக்கம் பார்த்து நிறுத்தினான்.

முன்னால், சுக்கூர் பாய் பக்கத்தில்,
மிக்சி ஜாரை மடியில் வைத்தபடி மகள்.
பின்னால் என் ஸ்கூட்டி,
காலடியில் கேஸ் அடுப்பு.
கிரீன் சர்க்கிள் தாண்டி
பாலாற்றுப் பாலம் ஏறியதும்
காற்று.
ஒரு முடிச்சு அவிழ்ந்தது.
இன்னொன்று.
நீலப் போர்வை கைப்பிடிச் சுவர் தாண்டி
தண்ணீரில்லாத ஆற்றுக்குள் இறங்கி
கோரைப் புல்லில் உட்கார்ந்துகொண்டது.

கண்ணாடியில் ஒரு ஹெல்மெட்.
அதற்குள் நான்.
என் வீட்டை நானே விடாமல் துரத்தி வருகிறவள்.
வண்டி குலுங்கும்போதெல்லாம்
ஒரு சாண் எகிறி
மறுபடி சீட்டில் விழுந்தாள்.

அன்றைக்குப் பார்த்து ஆடிக் கிருத்திகை.
வள்ளிமலைக்கு மஞ்சள் மஞ்சளாய்க் கூட்டம்.
நெரிசலில் வண்டி நின்றபோது
காவடிப் பையன் ஒருவன் கண்ணாடியருகே வந்து
சாய்ந்திருந்த மயில்பீலியை நேராக்கினான்,
நெற்றி விபூதியைச் சரிபார்த்தான்,
எனக்கு ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டு நடந்தான்.
பிறகு குடம் தூக்கிய இரண்டு பெண்கள்.
பிறகு ஒரு டவுன் பஸ்சின் மூக்கு.
எல்லாரும் என் பீரோவுக்குள்
ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போனார்கள்.

விருதம்பட்டு. இரண்டாம் மாடி.
கீழ்வீட்டம்மா படியிலேயே மறித்தாள்:
"ஆடியிலயா குடி வரீங்க?"
பீரோவுக்கு அடியிலிருந்து தேசிங்கின் குரல்:
"சாமான் மட்டுந்தாம்மா வந்துகீது.
அவங்க ஆவணியில வருவாங்க."
அவளுக்கு அது போதுமாயிருந்தது.
வழி விட்டாள்.

பால் காய்ச்சவில்லை.
கடையிலிருந்து ஆளுக்கொரு டீ.
ஃபிரிட்ஜை நாலு மணி நேரம் போடக்கூடாதாம்,
உள்ளே கலங்கியது அடங்கணுமாம்.
அதன் பக்கத்தில் தரையில்
நானும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இரவு கட்டிலைப் பூட்டினோம்.
எட்டும் இறங்கின.
கவரைக் கவிழ்த்தால் இன்னொன்று.
எண்ணியது நான்தான், எட்டுதான்.
பீரோக் கதவு ஆடவில்லை. மேசை ஆடவில்லை.
கட்டிலை உலுக்கிப் பார்த்தேன்.
சத்தமே இல்லை.
சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று
மகள் புரண்டுகொண்டிருந்தாள்.

ஒன்பதாவதை ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன்.
எதிலிருந்து கழன்றது என்று
ஏதாவது விழும்போது தெரியும்.