பதினேழாம் ஊசி

"முதலாண்டைத் திரும்பப் படித்திருக்கிறீர்கள்.
காரணம்: ஐந்நூறு எழுத்துகளுக்குள்."
விண்ணப்பத்தில் ஒரு கட்டம்.
அந்த வருடத்தை மடித்து மடித்து
உள்ளே வைத்துப் பார்க்கிறேன்,
மூடி மூட மாட்டேனென்கிறது.

டுலூத்தில் இன்று மைனஸ் இருபத்தாறு.
இரவெல்லாம் ஏரி முனகுகிறது,
பனிக்கட்டி பனிக்கட்டியை நெருக்கும் ஓசை.

ஆலோசகர் ப்ரான்வென் நல்லவர்.
"அந்தச் சமயம் வீட்டில் யாருக்காவது ஏதாவது?"
என்று கேட்டார் குரலைத் தாழ்த்தி,
ஏறக்குறைய ஆசையோடு.
இல்லை.
யாரும் சாகவில்லை.
அம்மா அன்றும் பனி அகற்றும் லாரி ஓட்டினாள்,
இன்றும் ஓட்டுகிறாள்.
அப்பா வேறோர் ஊரில், வேறொரு மனைவியோடு, நலம்.
எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.
படிக்காமலே முதலாவதாக வந்துகொண்டிருந்தவளுக்கு
அதுவரை தேவைப்படவில்லை.

உடற்கூறியல் செய்முறைத் தேர்வு.
ஒன்பதாம் மேசை, பதினேழாம் ஊசி.
தன்னையே தானம் தந்துவிட்டுப் போன ஒருவரின்
முழங்கைக்குப் பின்னால், மஞ்சள் தலையோடு.
அறுபது நொடி.
'மீடியன் நரம்பு' என்று எழுதினேன்.
அழுத்தமாக. மையால்.

அல்னர்.

அந்த ஒன்றால் தோற்கவில்லை,
தவறியவை இன்னும் இருபத்துமூன்று.
ஆனால் மேசை விளிம்பில் முழங்கை இடிக்கும்போதெல்லாம்
சுண்டுவிரல் நுனிவரை ஓடுகிறதே ஒரு மின்சாரம்,
அது அதனுடையது.
பிறந்ததிலிருந்து என் தோலுக்கடியில் கத்திக்கொண்டிருந்ததை
நான்தான் வேறு பெயரால் கூப்பிட்டேன்.

எலும்பு அறுவைப் பயிற்சிக்கு
எண்பத்துநான்கு மருத்துவமனைகள்.
எழுபத்தெட்டு பேர் கட்டத்தோடு நின்றுவிட்டார்கள்
என்று நினைத்துக்கொள்கிறேன்.
ஆறு பேர் கூப்பிட்டார்கள்.

குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடி முழுக்கக்
கறுப்புப் பட்டு நூல்.
ரொட்டி வாட்டும் நேரத்துக்கு ஒன்பது முடிச்சு,
இடக்கையால் மட்டும்.
பால் எடுக்க அம்மா
கத்தரிக்கோல் தேடுகிறாள்.

ஆறாவது நேர்காணல், மில்வாக்கி.
டாக்டர் நீமிஸ்டோ கோப்பை மூடிவிட்டுக் கேட்டார்,
"அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?"
பணிவு, விடாமுயற்சி, நேர மேலாண்மை:
கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த சொற்கள்
சலவைச் சட்டையோடு வரிசையில் நின்றன.
"பதினேழாவது அல்னர்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
தன் சுண்டுவிரலை ஒருமுறை
மடக்கி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டார்.
அதை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று
ஏழு மணி நேரம் காரோட்டியும் தெரியவில்லை.

மார்ச், திங்கட்கிழமை.
ஒன்பது மணிக்கு ஒரு வரி வரும்:
இடம் உண்டு, அல்லது இல்லை.
எங்கே என்பது வெள்ளிக்குத்தான்.

எட்டு ஐம்பத்தாறு.
அம்மாவின் லாரி தெருவை ஒதுக்கிக்கொண்டு வருகிறது.
எங்கள் வாசலில் மட்டும்
விதிக்குப் புறம்பாகக் கத்தியைத் தூக்கிக்கொள்கிறாள்,
பனி குவியாதபடி.
ஜன்னலுக்குப் போக எழுகிறேன்,
முழங்கை நாற்காலியில் இடிக்கிறது.

சரி, சரி.
உன் பெயர் தெரியும்.