பாறைக்குப் பின்னால்

எட்டுத் திசையும் பார்க்கும் கேமரா அது.
எங்கே நின்றாலும் படத்துக்குள் நின்றுவிடுவோம்.
ஆகவே
முக்காலியைப் பனியில் நட்டு, பொத்தானை அழுத்திவிட்டு
ஓடி ஒளியவேண்டும்.
நாற்பத்திரண்டு வயதில்,
மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில்,
மூச்சு வாங்க
ஒரு கண்ணாமூச்சி.

தொக்தோபெக் குதிரைகளோடு மேட்டுக்கு அப்பால் போய்விட்டான்.
எனக்கு வாய்த்தது ஒரு பாறை, லாரி அளவு.
தரைக்குள் வேர் உள்ளது.
உருட்ட முடியாமல் பனியாறு
தேய்த்துவிட்டுப் போனது.
அதன் முதுகில் முதுகு சாய்த்து, காலை மடக்கி
பதினோரு நிமிடம்.

கேமரா எதைப் பார்க்கிறதென்று தெரியும்.
பாடக்குறிப்பை எழுதியவள் நான்தான்:
மேலே பாருங்கள், பாதி உடைந்த கிண்ணம்,
பனி பிறந்த இடம்.
கீழே பாருங்கள், பள்ளத்தாக்கு.
ஆறு கத்தியால் கீறும்,
பனி அகப்பையால் வழிக்கும்.
இப்போது திரும்புங்கள், மெதுவாக, தலை சுற்றும்.
சாம்பல் மேடுகள் தெரிகின்றனவா?
பனி தூக்கி வந்து
போட்டுவிட்டுப் போனவை.

பாறையின் இந்தப் பக்கம் குறிப்பில் இல்லை.
கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளி
கீறல்கள், எல்லாம் ஒரே திசையில்,
மணல் போட்டுத் தேய்த்த சட்டியில் விழுவதுபோல.
கையுறையைக் கழற்றி விரலை வைத்தேன்.
நகம் உள்ளே போய் உட்கார்ந்தது.
அந்த நகமளவுக் கல்லைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒரு மலைப் பனி முழுதும்
இந்த வழியே நகர்ந்திருக்கிறது,
ஆண்டுக்குச் சில முழம்.
மூக்கு ஒழுகியது.
துடைக்கப் பயம்,
முழங்கை வெளியே தெரிந்துவிடுமோ என்று.

மார்ச்சில் பதிவு பள்ளிகளுக்குப் போனது.
ஏப்ரலில் கரா-பால்தாவிலிருந்து ஒரு கடிதம்.
பீட்ரூட் வயலோரப் பள்ளி, கண்ணில் மாட்டும் பெட்டி நான்கு,
பிள்ளைகள் முப்பத்தொன்று.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
காத்திருப்பவர்களுக்கு, பார்ப்பவரைப் பார்க்கும் பாடம்:
ஒருத்தி பெஞ்சு விளிம்பில் பாதாளம் கண்டு பின்வாங்குகிறாள்;
ஒருவன் பனியைத் தொடக் கை நீட்ட
முன்வரிசைக்காரன் காது கிடைக்கிறது.
இதையெல்லாம் எழுதிய ஆசிரியை
கடைசியில் கிழித்த நோட்டுத்தாள் ஒன்றை ஒட்டியிருந்தார்:

‘ஆறாவது நிமிடத்தில் பெரிய பாறைக்கு வலது பக்கம்
ஒரு பூட்ஸ் நுனி தெரிகிறது.
அசையவே இல்லை.
அவர் உயிரோடு இருக்கிறாரா?
பெர்மெட், ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.’

சிரித்தேன்.
பிறகு வெகுநாள் பதில் எழுத வரவில்லை.

அழித்துவிடலாம் என்றான் தொக்தோபெக்.
கணினியில் ஐந்து நிமிட வேலை,
பூட்ஸ்மேல் கொஞ்சம் சரளைக்கல் பூசினால் போதும்.

செப்டம்பரில் மறுபடி ஏறினோம்.
பாறை அங்கேயே இருந்தது.
முக்காலியின் மூன்று துளைகளைத் தேடினேன்.
துளைகள் இருந்த பனியே இல்லை.
நாடாவை இழுத்தான்: பதினெட்டு மீட்டர் பின்னால்
கிழிந்த போர்வையாய்ப் பனியின் ஓரம்.
கேமரா நின்ற இடத்தில் ஒரு குட்டை.
குதிரை அதில் வாய் வைத்தது.
இந்நேரம் கரா-பால்தாவில் புது வகுப்பு
இதே இடத்தில், பனிமேல்
நின்றுகொண்டிருக்கும்,
சொட்டும் நனையாமல்.

குட்டைக் கரையில் உட்கார்ந்து எழுதினேன்:

அன்புள்ள பெர்மெட்,
உயிரோடுதான் இருக்கிறேன்.
கால் மரத்துப்போயிருந்தது, அதனால் அசையவில்லை.
பாறையின் மறுபக்கத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.
இத்துடன் இருப்பது, அதன்மேல் தாளை வைத்து
பென்சிலால் தேய்த்து எடுத்தது.
பெட்டியைக் கழற்றிவிட்டு விரலால் பார்.
தாள் கொஞ்சம் ஈரமாக இருக்கலாம்,
குதிரை தலையை உதறிவிட்டது.

பூட்ஸை அழிக்கப்போவதில்லை.
நிலத்தைப் படமெடுத்தால் அளவுக்கு
ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும்.
குறித்துக்கொள்:
அது முப்பத்தெட்டாம் எண்.