அஞ்சு டிகிரி பாக்கி

முருகன்குறிச்சிச் சந்தில் மாடியறை.
மல்லாந்து படுத்திருக்கிறார் பலவேசம்,
பாபநாசம் வண்டியின் கண்டக்டர்.
தோள்முனை எலும்பில் பேனாவால் ஒரு புள்ளி.
கோணமானியின் அச்சு அதன்மேல்.
ஒரு கால் விலாவோரம் அசையாமல் இருக்கும்.
இன்னொன்று கையோடு போகும்,
அது போகிற வரைக்கும்.

"மெதுவா. வலிக்கிற இடத்துல நிறுத்துங்க."

இடது தோளில் பை வாரின் தடம்,
இருபத்தாறு வருடத்து அழுத்தம்.
வலது கைக்கு மேல்கம்பி.
சேரன்மகாதேவி வளைவிலும்
கல்லிடைக்குறிச்சி நெரிசலிலும்
மொத்த உடம்பையும் தொங்கவிட்டுக்கொண்டு
முன்படிக்கும் பின்படிக்கும் அலைந்த கை
மார்கழியில் ஒரு விடியலில்
சட்டைக்குள் நுழைய மாட்டேன் என்றது.

முதலில் எழுபத்தெட்டு.
பிறகு தொண்ணூற்று நாலு,
மூடின ரயில்வே கேட்டில் நிற்கிற பஸ் மாதிரி
மூன்று வாரம் அங்கேயே.
இன்று நூற்றுப் பதினைந்து.
டாக்டர் கேட்பது நூற்றிருபது.
அதற்குக் கீழே கையெழுத்து கிடையாது, டூட்டி கிடையாது.
சம்பள லீவு பங்குனியோடு தீர்ந்தது.
இது ஆனி.

"இன்னொருக்கா அளங்கம்மா."

அளந்தேன்.
முதுகு மெத்தையை விட்டு லேசாக எழும்பியது.
தோள் கொடுக்காததை இடுப்பு கொடுக்கப் பார்க்கும்;
எல்லா உடம்பும் சொல்கிற பொய்தான்.
விலாவில் கை வைத்து அமர்த்தினேன்.
நூற்றுப் பதினைந்து.

எழுந்து பொத்தான் மாட்டிக்கொண்டே சொன்னார்:
"சில்லற இல்லேன்னா டிக்கெட்டுக்குப் பின்னால
பாக்கிய எழுதிக் குடுப்போம்லா,
எறங்கும்போது வாங்கிக்கிடுவாங்க.
அதுமாதி இப்ப நூத்திருபதுன்னு போட்டிருங்க.
அஞ்சு டிகிரி பாக்கின்னு எம்பேர்ல எழுதி வச்சுக்கிடுங்க.
ஆடிக்குள்ள குடுத்துருதேன்."

சிரிக்கவில்லை அவர்.
எத்தனை பேரைப் பாக்கி தராமலே
இறக்கிவிட்டிருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.

கருவிக்கே ஐந்து டிகிரி முன்பின் உண்டு என்று
படித்திருக்கிறேன்.
எந்தப் பக்கம் என்று படித்ததில்லை.
படிவத்தில் ஒன்று என்று எழுதினேன்.
அடுத்த இலக்கத்துக்கு முன்னால் பேனா நின்றது
கொஞ்ச நேரம்.
பிறகு ஒன்று. பிறகு ஐந்து.

வாங்கி மடித்து மேல்பையில் வைத்தார்,
டிக்கெட்டை மடிப்பதுபோல் நாலாக.

படி இறங்கிப் போனவர் குடைக்காகத் திரும்பினார்.
கதவுக்கு மேலே ஆணியில் அது.
இடது கையில் எக்ஸ்ரே கவர்.
வலது கையால் எட்டி எடுத்தார்.
முகம் சுளிக்கவில்லை.

கோணமானி இழுப்பறைக்குள் போயிருந்தது.
இடுப்பு சாய்ந்ததா என்றாவது
நான் பார்த்திருக்க வேண்டும்.